சரணாலயங்களில் நீர்க்கரடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சரணாலயத்தின் உயிரினப் பட்டியலைப் புரட்டினால் பாலூட்டிகள், பறவைகள், பாம்புகள், பட்டாம்பூச்சிகள், மரங்கள் என்று வரிசையாக வரும். பாறைமேல் படர்ந்த பாசிக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. அந்தக் குடியிருப்பாளர்களில் எனக்கு மிகவும் பிடித்தவை நீர்க்கரடிகள். அவற்றைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பாறையிலும் மரப்பட்டையிலும் பச்சை மெத்தை போல வளர்வதையும் பாசி என்கிறோம், குளத்து நீரில் மிதப்பதையும் பாசி என்கிறோம். இங்கே பாசி என்றால் அந்தப் பச்சை மெத்தை. குளத்தில் இருப்பதை ஆல்கா என்றே எழுதுகிறேன்.

நீர்க்கரடி என்பது பூச்சியா, புழுவா?

இரண்டும் இல்லை. விலங்குலகில் டார்டிகிரேடா என்ற தனித் தொகுதியே இவற்றுக்கு இருக்கிறது. பூச்சி, சிலந்தி, நண்டு எல்லாம் அடங்கிய கணுக்காலிகளும், வெல்வெட் புழுக்களும் இவற்றுக்கு நெருங்கிய சொந்தம். பெரும்பாலானவை அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். மிகப் பெரியவை ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நான்கு ஜோடிக் கால்கள், கால் நுனியில் நகங்கள், வாய்க்குள் குத்தி உறிஞ்ச இரண்டு ஊசிகள். இதயமோ ரத்தக்குழாயோ மூச்சு உறுப்போ கிடையாது. இவ்வளவு சிறிய உடம்புக்குத் தோல் வழியாக வரும் ஆக்சிஜனே போதும்.

1773-இல் கோட்சே என்ற ஜெர்மன் பாதிரியார் இதைப் பார்த்துவிட்டு 'குட்டி நீர்க்கரடி' என்று பெயர் வைத்தார். சில ஆண்டுகளில் இத்தாலியின் ஸ்பலன்சானி, மெதுவாக நடப்பது என்ற பொருளில் 'டார்டிகிராடோ' என்றார். அதுவே அறிவியல் பெயராக நிலைத்துவிட்டது. இன்றுவரை பெயரிடப்பட்ட இனங்கள் சுமார் 1,500.

காப்பகத்துக்குள் எங்கே தேட வேண்டும்?

நீர்ப்படலம் உண்டாகும் எந்த இடத்திலும் தேடலாம். பாறைப் பாசி, மரப்பட்டைப் பாசி, லைக்கன் (பூஞ்சையும் ஆல்காவும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிரி), மக்கிய இலைகள், மண், விழுந்து அழுகும் மரம், ஓடையின் அடிமணல், குளத்துச் சேறு எல்லாமே வீடுதான். ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே ஆட்கள் இருப்பதில்லை.

வெயில் படும் பாறையில் மதியத்துக்குள் காய்ந்து மொறுமொறுவென்று ஆகிவிடும் பாசியில் எக்கினிஸ்கஸ் வகைகளை எதிர்பார்க்கலாம். முதுகில் ஓடு மாதிரித் தகடுகள், உடம்பெல்லாம் செங்கல் நிறம் அல்லது ஆரஞ்சு. எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணிலும் இலைக்குப்பையிலும் நிறமற்ற, தகடில்லாத, மெல்லிய உடல்வாகு கொண்ட வகைகள் அதிகம். ஓடையில் இருப்பவை இன்னொரு கூட்டம். ஆகவே ஒரு காப்பகத்தில் எத்தனை இனங்கள் இருக்கும் என்பதை அதன் பரப்பளவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. எத்தனை விதமான சின்னச் சின்ன வீடுகள் கலையாமல் இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

நீர்க்கரடி சாகவே சாகாது என்கிறார்களே, அதற்கு எதற்குப் பாதுகாப்பு?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதன் தாங்குதிறன் உண்மைதான். பாசி காயும்போது நீர்க்கரடி கால்களை உள்ளிழுத்து, உடம்பைச் சுருக்கி, சின்னப் பீப்பாய் போல ஆகிவிடும். உடம்பில் இருக்கும் தண்ணீர் வெறும் சில சதவீதமாகக் குறையும். உயிர்ச்செயல்கள் அளக்க முடியாத அளவுக்கு நின்றுபோகும். இந்த நிலையில் 2007-இல் ஃபோட்டான் எம்3 விண்கலத்தில் விண்வெளி வெற்றிடத்துக்கே அனுப்பப்பட்டு, திரும்பி வந்து உயிர் பெற்றவை உண்டு. அன்டார்க்டிகாவில் 1983-இல் சேகரித்து உறைநிலையில் வைத்திருந்த பாசியை 30 ஆண்டுக்குப் பின் ஜப்பானிய ஆய்வாளர்கள் உருக வைத்தபோது, அதிலிருந்த நீர்க்கரடி எழுந்து நடந்தது, முட்டையும் இட்டது.

சரி, இதெல்லாம் அந்தப் பீப்பாயின் கதை. பீப்பாய் சாப்பிடுவதில்லை, வளர்வதில்லை, முட்டையிடுவதில்லை. நீர்க்கரடி வாழ்வது ஈரமான நேரத்தில் மட்டும்தான். அப்போது அது மற்ற சின்ன உயிர்களைப் போலவே எளிதில் மடியும். ரமசோட்டியஸ் வேரியோர்னேட்டஸ் என்ற பேர்போன இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டையும் அவற்றில் பாதி தாங்கிவிடும். அதே இனம் ஈரத்தில் நடமாடும்போது சுமார் 37 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் பாதி இறந்துவிடுகின்றன. 2020-இல் வெளியான அளவீடு இது.

இன்னொன்றும் உண்டு. மெதுவாகக் காய்ந்தால்தான் பீப்பாய் சரியாக அமையும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் விட்டு வேகமாக உலரவிட்டால் பல இனங்கள் அப்படியே சிதைந்துபோகும். காட்டில் அந்த வேகத்தைக் குறைப்பது யார்? பாசி மெத்தைதான். தடித்த மெத்தை தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது, நீர்க்கரடிக்கு உடம்பைச் சுருக்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. அந்த மெத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டால் 'சாகாத' உயிரி செத்துப்போகும். தவிர, ஒவ்வொரு முறை காய்ந்து எழும்போதும் உடம்பில் சேமித்த சக்தியில் கொஞ்சம் செலவாகிறது. அடிக்கடி காய்ந்து, நடுவே சாப்பிட நேரமில்லாமல் போனால் கையிருப்பு தீர்ந்துவிடும்.

ஒரு காப்பகத்தில் எத்தனை இனங்கள் இருக்கலாம்?

தேடும் உழைப்பைப் பொறுத்தது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா. டென்னசி, வட கரோலினா மாநில எல்லையில் சுமார் 2,100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைக்காடு அது. அங்கிருக்கும் எல்லா உயிரினங்களையும் கணக்கெடுப்பது என்று 1998-இல் தொடங்கினார்கள். அதற்கு முன் அந்தப் பூங்காவில் தெரிந்திருந்த நீர்க்கரடி இனங்கள் 3. பால் பார்ட்டெல்ஸ், டயான் நெல்சன் என்ற இரு உயிரியலாளர்கள் பாசி, லைக்கன், மண், ஓடை என்று வகை வகையாக மாதிரி எடுத்துத் தேடினார்கள். எண்ணிக்கை 70-ஐத் தாண்டியது. அறிவியலுக்கே புதிய இனங்களும் அதில் இருந்தன.

இந்த எண்களை முதலில் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அந்த 70 இனங்களும் எப்போதும் அங்கேதான் இருந்திருக்கின்றன. லட்சக்கணக்கான பார்வையாளர்கள் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒரே மரத்தில் அடுத்தடுத்த இரண்டு பாசித் திட்டுகளில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஒன்றில் ஐம்பது நீர்க்கரடிகள் இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மற்றதில் ஒன்றுகூட இருக்காது. ஆராய்ச்சியாளர்களைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் விஷயம் இது. வெயில் படும் பக்கம், மழைநீர் வழியும் தடம், பாசியின் தடிமன், உள்ளே மண் துகள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, யார் முதலில் வந்து குடியேறியது, தின்ன வருபவர்கள் இருக்கிறார்களா என்று காரணங்கள் பல. நம் கைப்பிடி அகலம் என்பது அரை மில்லிமீட்டர் விலங்குக்கு ஒரு சிற்றூர்.

அதனால் ஒரு மரத்தில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிட்டு 'இங்கே நீர்க்கரடி இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. குறைந்தது ஐந்தாறு துண்டுகளாவது வேண்டும். உயரத்தையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் மாணவர்கள் உட்பட ஒரு குழுவுக்குக் கயிற்றில் மரமேறப் பயிற்சி கொடுத்து, அடிமரத்திலிருந்து உச்சிவரை மாதிரிகள் சேகரித்தார்கள். நீர்க்கரடி ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த முயற்சிகளில் அதுவும் ஒன்று.

அவை என்ன சாப்பிடுகின்றன? அவற்றை யார் சாப்பிடுகிறார்கள்?

பல இனங்கள் ஆல்கா செல்லையோ பாசியின் செல்லையோ ஊசியால் குத்திச் சாற்றை உறிஞ்சுகின்றன. சில பாக்டீரியாவைத் தின்னும். மில்னீசியம் போன்றவை வேட்டைக்காரர்கள். சக்கர உயிரிகள் எனப்படும் ரோட்டிஃபர்களையும் நூற்புழுக்களையும், சமயத்தில் சிறிய நீர்க்கரடிகளையும் பிடித்து விழுங்கும். மில்னீசியத்தின் வயிற்றில் ரோட்டிஃபரின் தாடைகள் செரிக்காமல் கிடப்பதைப் பார்க்கலாம். கண்ணாடி போன்ற உடம்பு என்பதால் அது கடைசியாக என்ன சாப்பிட்டது என்று அதை அறுக்காமலே தெரிந்துவிடும்.

நீர்க்கரடிகளைத் தின்பவர்களில் நூற்புழுக்கள், உண்ணி இனத்துச் சிற்றுயிர்கள், அமீபாக்கள் எல்லாம் உண்டு. சில பூஞ்சைகளும் அவற்றைத் தாக்கும். ஒரு சதுர மீட்டர் பாசியில் நீர்க்கரடிகள் பல ஆயிரம் முதல் லட்சக்கணக்கில்கூட இருக்கலாம் என்பதால், மண்ணுக்கு மேலே நடக்கும் இந்தச் சாப்பாட்டு வலையில் அவற்றின் பங்கு சின்னது அல்ல.

மலை ஏற ஏற இனங்கள் கூடுமா?

சில மலைகளில் கூடுகிறது, சிலவற்றில் நடு உயரத்தில் உச்சம் தொடுகிறது, சிலவற்றில் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. உயரத்தைவிட எந்தப் பாசி, எந்தப் பாறை, எவ்வளவு நேரம் ஈரம் என்பதே முக்கியம் என்பது என் எண்ணம்.

உலகம் முழுக்க இருப்பது ஒரே நீர்க்கரடிதானா?

முன்பு அப்படித்தான் நினைத்தார்கள். மில்னீசியம் டார்டிகிரேடம் என்ற பெயர் 1840-இல் வைக்கப்பட்டது. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எந்தக் கண்டத்தில் மில்னீசியம் கிடைத்தாலும் இதே பெயரை எழுதி வைத்தார்கள். நகங்களின் அமைப்பையும் தோலின் நுணுக்கத்தையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்ட பிறகு அந்தப் பேரினத்தில் இன்று 40-க்கும் மேற்பட்ட இனங்கள். நீர்க்கரடிகளில் முதன்முதலில் இனப்பெயர் பெற்ற மேக்ரோபயோடஸ் ஹுஃபெலாண்டிக்கும் இதே கதைதான். 1834-இல் பெயர் வைத்தார்கள், 1993-இல் திருத்தமாக மறுபடி விவரித்தார்கள். இடைப்பட்ட காலத்துப் பதிவுகளில் எத்தனை உண்மையில் அந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

காப்பகங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பழைய பட்டியலில் 'உலகெங்கும் காணப்படும் சாதாரண இனம்' என்று எழுதியிருந்தால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். அந்தக் காட்டில் மட்டுமே இருக்கும் இனமாகக்கூட அது இருக்கலாம்.

இனத்தை உறுதிசெய்யப் பல சமயம் முட்டை வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேக்ரோபயோடஸ் வகைகளின் முட்டை, கவிழ்த்து வைத்த கோப்பைகளை உருண்டை முழுக்க நெருக்கமாக ஒட்டியது போல இருக்கும். வளர்ந்த விலங்கைப் பார்த்துக் குழம்பும் இடத்தில் அந்த முட்டை விடை சொல்லிவிடும். மில்னீசியமும் எக்கினிஸ்கஸும் அலங்காரமில்லாத முட்டைகளைத் தாம் உரித்த சட்டைக்குள்ளேயே இட்டு வைக்கும்.

இவ்வளவு மெதுவாக நடப்பது எப்படி ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிறது?

நடந்து போவதில்லை, காற்று தூக்கிப் போகிறது. உலர்ந்த பீப்பாயும் முட்டையும் தூசிக்குச் சமம். பறவைகள் பாசியைக் கொத்திக் கூடு கட்டும்போதும் இடம் மாறலாம். நத்தையின் மேல் ஒட்டிக்கொண்டு பயணிப்பதும் உண்டு. போலந்தில் 2022-இல் வெளியான ஒரு ஆய்வில் நத்தைகள் நடமாடும் நீர்க்கரடிகளைச் சுமந்து சென்றதைக் காட்டினார்கள். ஆனால் அதே நத்தையின் கோழை, உலர்ந்த பீப்பாய் நிலையில் இருந்தவற்றுக்குக் கேடாக முடிந்தது. வாகனமே ஆபத்தாகவும் இருக்கிறது.

பல இனங்களில் ஆண் துணை இல்லாமலே பெண் முட்டையிட்டுப் பெருகும். ஆகவே புது இடத்தில் ஒன்றே ஒன்று விழுந்தாலும் குடும்பம் தொடங்கிவிடும். இறங்கும் இடத்தில் பொருத்தமான பாசி இருந்தால் போதும்.

நகரத்து வாகன நிறுத்துமிடத்திலேயே கிடைக்கிறதாமே, பிறகு காப்பகத்தில் எதற்குத் தேட வேண்டும்?

கிடைக்கிறது. 2018-இல் விவரிக்கப்பட்ட மேக்ரோபயோடஸ் ஷோனைக்கஸ், ஜப்பானில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்துப் பாசியிலிருந்து வந்ததுதான். எனக்கு அதில் மகிழ்ச்சியே. ஆனால் புகையும் தூசியும் மிகுந்த இடங்களில் லைக்கன்கள் முதலில் மறைகின்றன, அவற்றோடு அவற்றில் வாழ்பவையும் போகின்றன. எதையும் தாங்கும் சில இனங்கள் மட்டும் எஞ்சி நிற்கும். முதிர்ந்த மரம், விழுந்த மரம், ஆழமான இலைக்குப்பை, தெளிந்த ஓடை எல்லாம் பக்கம் பக்கமாக இருப்பது கலையாத காட்டில்தான். மற்ற இடங்களில் எது குறைந்திருக்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்ல அந்தப் பட்டியல்தான் அளவுகோல்.

பனிப் பிரதேசங்களில்?

அங்கே அவை பெரிய மனிதர்கள். அன்டார்க்டிகாவின் எல்ஸ்வர்த் நிலப்பகுதியில் பனிக்கு மேலே தலைநீட்டும் பாறை முகடுகளில் நூற்புழுக்கூட இல்லை. அங்குள்ள விலங்குலகமே நீர்க்கரடிகளும் ரோட்டிஃபர்களும்தான். பூமியில் அறியப்பட்டவற்றில் மிக எளிய விலங்குச் சமுதாயங்களில் ஒன்று அது.

பனியாறுகளின் மேல் தூசி படிந்து உருகி உண்டாகும் சிறு குழிகளிலும் அவை வாழ்கின்றன. ஆல்ப்ஸ் பனியாறுகளில் இருக்கும் க்ரையோபயோடஸ் கரும்பழுப்பு நிறம். மேலே நிழலே இல்லாத இடத்தில் கதிர்களைத் தாங்க அந்த நிறம் உதவுகிறது என்று கருதுகிறார்கள். பனியாறு உருகிப் போனால் இந்த இனத்துக்குப் போக இடமில்லை. எதையும் தாங்கும் என்று பேரெடுத்த விலங்குக்கு வீடு இல்லாமல் போவதைத் தாங்கும் வழி தெரியாது.

கடல் காப்பகங்களில்?

கடலிலும் உண்டு, கரையோர மணல் துகள்களுக்கு நடுவே. 2023-இல் அப்துல் கலாம் பெயரில் பாட்டிலிப்பஸ் கலாமி என்ற இனம் மண்டபம் கரையிலிருந்து விவரிக்கப்பட்டது. கடல் இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு உலர்ந்து பிழைக்கும் வித்தை தெரியாது. அலை ஏறி இறங்கும் இடத்தில் கொட்டலசுகளின் ஓட்டில் வாழும் எக்கினிஸ்காய்டஸ் விதிவிலக்கு.

நானே பார்க்க முடியுமா?

கட்டாயம் முடியும். ஆனால் காப்பகத்துக்குள் ஒரு துண்டுப் பாசி எடுக்கவும் அனுமதி வேண்டும். 'இத்தனூண்டுதானே' என்று எடுத்துவிடாதீர்கள். சில பாசிகளும் லைக்கன்களும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. முதலில் வெளியே, ஒரு மதில்மேல் பழகிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நகத்தளவு துண்டு போதும்.

அதைக் காகித உறையில் போட்டு நிழலில் உலர விடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும். பிறகு ஒரு சிறு கிண்ணத்தில் மழைநீரோ வேறு சுத்தமான நீரோ ஊற்றி இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் பாசியைத் தண்ணீருக்குள்ளேயே பிழிந்து, குலுக்கி, வெளியே எடுத்துவிடுங்கள். அடியில் படிந்த வண்டலை 20 முதல் 40 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியில், கரிய பின்னணியில், பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

நான் முதல் முறை பார்த்தபோது ஒரு மணி நேரம் மண் துகள்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு துகள் அசைந்தது. சுருக்கம் விழுந்த ஒரு பீப்பாயின் ஓரத்திலிருந்து கால் ஒன்று நீண்டது, அடுத்து இன்னொன்று. நகங்கள் வெறும் நீரில் எதையோ துழாவின. ஒரு மணல் துகள் அகப்பட்டதும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கடைசி ஜோடிக் கால்களைப் பின்னால் இழுத்தபடி நகரத் தொடங்கியது. நேற்றுவரை காகித உறைக்குள் தூசியாகக் கிடந்த விலங்கு அது.

உலர்ந்த உறையை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

சில ஆண்டுகள் தாராளமாக. பழைய அருங்காட்சியகப் பாசிகளைச் சோதித்தபோது 9 ஆண்டு உலர்ந்து கிடந்த மாதிரியில் இருந்த முட்டைகள் பொரிந்தன. அதற்கு மேல் உயிர் இல்லாமல் போனாலும் தோலும் நகமும் முட்டை ஓடும் கெடுவதில்லை, இனத்தைக் கண்டுபிடிக்க அவை போதும். உறையின் மேல் தேதி, இடம், மரம் அல்லது பாறையின் வகை, தரையிலிருந்து உயரம், எந்தத் திசை நோக்கிய பக்கம் என்பதை பென்சிலில் எழுதி வையுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். பிறகு எப்போது, யார் அந்த உறையைத் திறந்தாலும் பாசி எங்கிருந்து வந்தது என்பது தெரிய வேண்டும்.